வட்டத்துக்கு ஏது மூலை

ராணுவ முகாம், வர்ஜீனியா
20 ஜூன் 1967

மார்வின்,

ஆமாடா, சமையல்காரனாத்தான் போட்டிருக்கானுங்க. நல்லா சிரிச்சுக்கோ. வெளிய என்ன வேலை பாத்தேன்னு கேட்டாங்க, பீட்சா கடைன்னேன். உடனே சமையல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாங்க. காலேஜை விட்டு ஓடினவனைப் புடிச்சு மறுபடியும் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. பாடம் என்ன தெரியுமா? முட்டைத்தூள்ல தண்ணி ஊத்திக் கலக்கறது.

கோவமா இருக்கியான்னு கேட்டிருந்தே. இருக்கேன். யார்மேலன்னு இன்னும் முடிவு பண்ணல. ஒருத்தன் பகல்ல கடையைப் பாத்துக்கணும், ஒருத்தன் படிப்பை முடிக்கணும், டிகிரி இருக்கறவனைத்தான் பேங்க்ல உக்காரச் சொல்லுவான்னு சொன்னது நீ. நான் எப்படியும் எல்லாத்துலயும் ஃபெயிலு, அதனால நான் விட்டேன். படிக்கற பையனை ராணுவத்துக்கு எடுக்க மாட்டாங்க, பாதில விட்டவனை அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு ஆல்டன்ல பொறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பத்தி வாயே தொறக்கல. அவ்வளவுதான்.

சரி, போனது போகட்டும். கடையில ஒண்ணையும் மாத்தாதே. சீஸ் தட்டோட ஓரம் வரைக்கும் போகணும். ஓரத்துல கருகி ஒட்டிக்கற அந்த மொறுமொறுப்புக்குத்தான் ஊரே வருது. சாஸ் மேலதான், அடியில இல்ல. தட்டுக்குச் சோப்பு காட்டிடாதே, துணியால தொடைச்சா போதும். அப்பா ஃபேக்டரில நட்டு போல்ட்டு போட்டு வைக்கற இரும்புத் தட்டு அது. டிபன் பாக்ஸுக்கு அடியில வச்சு ஒவ்வொண்ணா வெளிய கொண்டு வந்தாரு. அப்படி ஒரு தட்டு எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. பெரிய தட்டுல சுட்டா எல்லாரும் மூலைத் துண்டுக்குச் சண்டை போடறாங்கன்னு, சின்னத் தட்டா எடுத்து நாலே துண்டா வெட்டினது நான்தானே? எல்லாருக்கும் ஒரு மூலை. போர்டுல 'நாலு மூலை பீட்சா'ன்னு எழுதினதும் நான்தான், எழுத்து கோணலா இருந்தாலும்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் அப்பா வந்து மாவை மூலைக்கு அழுத்திக் குடுப்பாரே, அதை நிறுத்தச் சொல்லாதே. அந்தக் கட்டைவிரல் மாதிரி உன் பத்து விரலும் சேந்தாலும் வராது.

பாதி கடை என்னோடது. அடுப்பு முன்னாடி நின்னு மாவுக் கையோட கை குலுக்கினோம். நான் திரும்பி வரும்போது என் பாதி அங்கயே இருக்கணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்.

லெஸ்


ஆல்டன், மிச்சிகன்
2 அக்டோபர் 1967

அன்புள்ள லெஸ்,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், நாய்க்குட்டி விஷயத்தைத் தவிர.

நல்ல செய்தி முதலில். கல்லூரியின் கிழக்கு வாசலில் இரண்டாவது கடைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழைய செருப்புக் கடை. விடுதிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். மாணவர்களுக்கு நடக்கச் சோம்பல், பசி மட்டும் குறைவதில்லை. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தொடங்கினால் ஊரில் நமக்கு எதிராக யாரும் நிற்க முடியாது.

இதற்கு வங்கியின் உதவி வேண்டும். கடையை ஒரு நிறுவனமாகப் பதிவு செய்தால்தான் பேசவே முடியும் என்றார்கள். வங்கி மேலாளர் என்னை உட்காரத்தான் சொன்னார், நான் சொன்னதுபோல. ஆனால் உன் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போருக்குப் போறவன் பேரை வச்சு நான் எப்படிக் குடுக்கறது தம்பி?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பயம் அது. ஆகவே இப்போதைக்கு என் பெயரில் மட்டும் பதிவு செய்திருக்கிறேன். நீ வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல். இரண்டாவது கடைக்குத் தட்டுகள் வேண்டும். உன் அப்பாவிடம் கேட்டேன். மாவை அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்: "அது என் பையனுக்காக எடுத்தது தம்பி. உனக்காக எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு." அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு வரி எழுதினால் கேட்பார்.

குளிர் தொடங்கிவிட்டது. உனக்கு அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் நண்பன்,
மார்வின்


தென் வியட்நாம்
9 டிசம்பர் 1967

மார்வின்,

'இப்போதைக்கு.' நல்ல வார்த்தைடா. காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?

போருக்குப் போறவன் பேரு ஆகாதாம். போகாதவன் ஏன் போகலன்னு அந்த ஆளு கேட்டாரா? நீ இன்னும் படிச்சிட்டிருக்கே, அதான் போகல. நான் உன் மாவைப் பெசைஞ்சேன், அதான் நீ படிச்சே. இதை அவர்கிட்ட சொல்லியிருந்தா பேனாவை எடுத்திருப்பாரோ என்னவோ. நீ சொல்லல. சொல்லவும் மாட்டே. உனக்குச் சண்டை போடத் தெரியாது, தலையாட்டத்தான் தெரியும். முன்னாடி நிக்கறவன் யாரா இருந்தாலும் தலையாட்டுவே.

அப்பாவுக்கு ஒரு வரி எழுதச் சொன்னே. எழுதிட்டேன். தட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க, ஒண்ணுகூட அவன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்.

என்னை மூலையில தூக்கிப் போட்டுட்டே இல்ல? இனி மூலை இல்லாம கடை நடத்திப் பாரு.

லெஸ்


ஆல்டன்
14 ஜனவரி 1968

லெஸ்,

உனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், எழுதுகிறேன்.

கூடைப்பந்து ஆட்டம் முடிந்து கூட்டம் கதவுக்கு வெளியே வரை நின்றது. உன் அப்பா வேலை உடையோடு உள்ளே வந்தார். மாவு அழுத்த வந்திருக்கிறார் என்று நினைத்து ஏப்ரனை நீட்டினேன். வாங்கி மேசைமேல் மடித்து வைத்தார். பிறகு அலமாரியிலிருந்த தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். மாவு வைத்த தட்டுகளைக் கவிழ்த்தார். அடுப்பில் இருந்தவை வேகும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி. வெந்ததும் பீட்சாவை மேசையில் தள்ளிவிட்டுச் சூட்டுத் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

நான் கெஞ்சினேன். இதை மறைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கெஞ்சினேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "என்கிட்ட ஏன்யா கேக்கறே? அவன் எழுதினான், நான் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க."

வெளியே நின்ற ஒரு மாணவன் கதவைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டான். உன் அப்பா அவனுக்கு நன்றி சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த தெரு ரொட்டிக் கடையில் கெஞ்சி வட்டத் தட்டுகளை வாங்கி வந்திருக்கிறேன். நாளை அதில்தான். வங்கிக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பதை நீ யோசித்தாயா? நான் தலையாட்டத் தெரிந்தவன் என்கிறாய். சரி. ஆனால் நீ இல்லாத இத்தனை மாதம் கதவைத் திறந்து வைத்திருந்தவன் நான். அதை நீ ஒரு கடிதத்தில் மூடப் பார்த்தாய்.

மார்வின்


தென் வியட்நாம்
3 மார்ச் 1968

டேய்,

வட்டமா? வட்டத்துக்கு ஏதுடா மூலை? போர்டுல 'நாலு மூலை', உள்ள போனா நிலா மாதிரி ஒண்ணு. ஒருத்தன்கூடக் கேக்கலயா? கேட்டா நல்லா தலையாட்டு.

உன் கடிதம் வந்த அன்னிக்கு நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு வலிக்கச் சிரிச்சேன். இங்க சிரிக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. ஜனவரி கடைசில இந்த ஊர்க்காரங்க புத்தாண்டு. பட்டாசுன்னு நெனைச்சோம். பட்டாசு இல்ல. மெஸ் கூரை பாதி போச்சு, ரொட்டி அடுப்பு தப்பிச்சது. நானும் தப்பிச்சேன், அடுப்புக்குப் பின்னாடி இருந்ததால. அதுக்கு மேல எழுதப் போறதில்ல.

போன வாரம் லாரி ரிப்பேர் பண்ற ஷெட்டுலேந்து ஒரு இரும்புத் தட்டு எடுத்துட்டு வந்து டப்பா சீஸை வச்சு ஒண்ணு சுட்டேன். சார்ஜன்ட் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ரொட்டி எங்கயாவது இடிச்சுக்கிச்சா?"ன்னு கேட்டாரு. சாப்பிட்டதுக்கு அப்புறம் இன்னொண்ணு கேட்டாரு. இப்ப மூலைக்கு க்யூ நிக்குது.

அதனால ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. எனக்கு நீயும் வேண்டாம், உன் போர்டும் வேண்டாம். தட்டு இருக்கு, அப்பா இருக்காரு. டிசம்பர்ல வந்துடுவேன். கடைக்கு எதிர்த்தாப்புல மூடிக் கிடக்கே லாண்டரி, அதைப் புடிப்பேன். நீ உன் கண்ணாடி ஜன்னல் வழியா என் க்யூவைப் பாத்துட்டே இருக்கலாம்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், இதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு. தட்டை எடுத்த அப்புறம் அப்பா எனக்கு ஒரு வரிகூட எழுதல. அம்மா எழுதறாங்க, பனி விழுந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதுன்னு. அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டா அதுக்கு மட்டும் பதில் இல்ல. போய்ப் பாத்துட்டு வந்து எழுது. உன்மேல கோவம் இருக்கு, ஆனா கேக்கறதுக்கு வேற ஆளு இல்ல.

லெஸ்


ஆல்டன்
8 ஜூலை 1968

அன்புள்ள லெஸ்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூச்சுவிட நேரமில்லை. ஏன் என்று சொல்கிறேன், இதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

வட்டத் தட்டில் முதல் வாரம் திட்டு வாங்கினேன். இரண்டாவது வாரம் ஒரு விஷயம் கவனித்தேன். சதுரத் தட்டுக்கு மாவை ஒவ்வொரு மூலையாக அழுத்த வேண்டும், ஊறவிட வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். வட்டத்துக்கு அது எதுவும் இல்லை. உருட்டு, தட்டு, அடுப்பில் தள்ளு. அழுத்தத் தெரிந்த ஆளே தேவையில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் இன்று சுடுகிறான். மாவைத் தட்டையாக்க ஒரு இயந்திரம் வாங்கினேன், அதற்கு வட்டம் மட்டும்தான் தெரியும். ஒரே இடத்தில் மாவு பிசைந்து லாரியில் எல்லாக் கடைக்கும் அனுப்புகிறோம். தொலைபேசியை வைத்துக் கொஞ்ச நேரத்தில் விடுதிக் கதவைத் தட்டுகிறோம். நம் ஊரில் தொடங்கி பக்கத்து மாநிலத்து டொலிடோ வரை கடைகள் வந்துவிட்டன. நம் பெயரையும் முறையையும் வாங்கிக்கொண்டு தங்கள் ஊரில் கடை போட, கோட்டு போட்ட மனிதர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள்.

பெயரை மாற்றவில்லை. மாற்றலாம் என்றுதான் இருந்தேன். "அமெரிக்காவின் நாலு மூலைக்கும் என்று அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம்" என்றார் விளம்பரக்காரர். யாரும் கேட்கவில்லை, லெஸ். நீ நினைத்தாயே, எல்லோரும் கேட்பார்கள் என்று. வாரக் கடைசியில் ஒரு கிழவி கேட்டாள், அவ்வளவுதான்.

இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்: உன் அப்பா அன்று அந்தத் தட்டுகளை எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் நான் இன்னும் அந்த ஒரே கடையில் மாவை அழுத்திக்கொண்டு நின்றிருப்பேன். அந்தக் கடிதத்தை நீ கோபத்தில் எழுதினாய். அதுதான் என்னை இங்கே கொண்டு வந்தது.

பங்கு பற்றி. வழக்கறிஞர் முடியாது என்கிறார். கடை இருந்த நிலையே வேறு, இப்போது நிறுவனம் வேறு என்கிறார். ஆனால் உன்னை நான் விடமாட்டேன். முதல் கடைக்கு நீ மேலாளர். நல்ல சம்பளம், சிவப்பு ஜாக்கெட், மார்புப் பையில் உன் பெயர் தைத்திருக்கும். எதிர் லாண்டரியை மறந்துவிடு. அதை மாவு இயந்திரத்துக்காக நான் வாடகைக்கு எடுத்துவிட்டேன்.

பத்திரமாக வா.

மார்வின்


தென் வியட்நாம்
30 ஜூலை 1968

மார்வின்,

உன் இயந்திரம், லாரி, டொலிடோ எல்லாம் படிச்சேன். நல்லா இரு.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதுக்குப் பதில் இல்ல. முழுக் கடிதத்துல அப்பா ஒரு எடத்துலதான் வர்றாரு, தட்டைத் தூக்கிட்டுப் போறாரு. அதுக்கு அப்புறம் எங்க போனாரு?

லெஸ்


ஆல்டன்
1 செப்டம்பர் 1968

லெஸ்,

எழுத வேண்டாம் என்று உன் அம்மா கேட்டுக்கொண்டார். அதனால்தான் எழுதவில்லை. நீ இவ்வளவு நேராகக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

உன் அப்பா தட்டுகளைக் கார் ஷெட்டில் வைத்திருந்தார். ஆனால் அது அவரைத் தூங்கவிடவில்லையாம். பையனுக்காக எடுத்தேன், பையன் கடை வேண்டாம் என்றுவிட்டான், அப்படியானால் அது ஃபேக்டரிப் பொருள்தானே என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எதிரில் கடை போடும் உன் யோசனை அவருக்குத் தெரியாது. அதை நீ எனக்குத்தான் எழுதினாய். பிப்ரவரியில் ஒரு நாள் எல்லாத் தட்டுகளையும் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பழைய இடத்தில் வைத்துவிட.

வெளியே கொண்டுவந்த வருஷங்களில் ஒருவனும் அவரை நிறுத்தவில்லை. உள்ளே கொண்டுபோன அன்று வாசல் காவலாளி காரைத் திறக்கச் சொன்னான்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் ஓடி வந்திருக்கிறார்கள். கீழே கிடந்தது, எடுத்து வந்தேன் என்று சொல்லுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். உன் அப்பாவை உனக்குத் தெரியும். "கேட்டாங்க, சொன்னேன்" என்றார் என்னிடம். எப்போதிலிருந்து, எப்படி, டிபன் பாக்ஸுக்கு அடியில் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வேலை போய்விட்டது. ஓய்வூதியமும் போய்விட்டது. தட்டுகளை அவர்கள் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள்.

உன் மார்ச் கடிதம் வந்ததும் நான் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் வாசலில் நின்றே கேட்டேன். "சம்பளமா, பிச்சையா?" என்றார். சம்பளம் என்றேன். அடுத்த நாள் காலையில் லாண்டரி வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

இயந்திரத்துக்கு மாவு போடுகிறார். சிவப்பு ஜாக்கெட்தான், எல்லோருக்கும் அதுதான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று. இயந்திரத்திலிருந்து வட்டமாக வரும் மாவை அவர் கை சும்மா விடாது. கட்டைவிரலால் நாலு பக்கமும் அழுத்திவிடுகிறார். வேண்டுமென்று செய்வதாகத் தெரியவில்லை. லாரியில் ஏற்றுவதற்கு முன் பையன்கள் அதையெல்லாம் மறுபடி வட்டமாக்குகிறார்கள். அவரை 'மிஸ்டர் சதுரம்' என்று கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து "என்னப்பா" என்கிறார். அது அவர்கள் வைத்த பட்டப்பெயர் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

என்னால் முடிந்தது இதுதான் லெஸ். நான் செய்யாமல் இருந்திருக்கலாமா?

மார்வின்


தென் வியட்நாம்
6 அக்டோபர் 1968

மார்வின்,

செய்யாம இருந்திருக்கலாமான்னு கேட்டிருக்கே. அதுக்கு நான் என்னடா சொல்றது? செஞ்சது சரிதான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நீ ஒரு தடவையாவது முழுசாக் கெட்டவனா இருந்திருந்தா எனக்கு எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

ரெண்டு வாரமா இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிச்சேன். மொதல்ல எழுதினது எல்லாம் கெட்ட வார்த்தை. நடுவுல ஒண்ணு அப்பாவுக்கு எழுதினேன், அதையும் கிழிச்சேன். "அவன் எழுதினான், நான் வந்தேன்"னு சொன்னாரு இல்ல, அந்த ஒரு வரிக்கு மேல என்னால போக முடியல.

இங்க டெக்சஸ்காரன் ஒருத்தன் இருக்கான், கார்ல்டன்னு பேரு. என்கூட மெஸ்ல உருளைக்கிழங்கு உரிப்பான். நேத்து ஒரு பத்திரிகையைத் தூக்கிட்டு ஓடி வந்தான். உள்ள உன் விளம்பரம். ஊருக்குப் போனதும் சேத்து வச்சதைப் போட்டு ஒரு 'நாலு மூலை' கடை எடுக்கப் போறானாம். "நீ மிச்சிகன்தானே, இந்தக் கடை எப்படி? நம்பலாமா?"ன்னு கேட்டான். அவன் என் தட்டுலேந்து மூலைத் துண்டை மென்னுக்கிட்டே கேக்கறான். நல்லா ஓடும்டா, எடுன்னு சொன்னேன். பொய் இல்லையே. ஓடும். வேகமா ஓடும்.

சரி. விஷயத்துக்கு வர்றேன். நேரம் இல்ல.

மேலாளர் வேலை எனக்கு வேணும். வர்றேன். உனக்காக இல்ல, உன் சம்பளம் நல்ல சம்பளம்ங்கறதுக்காகவும் இல்ல. நான் உள்ள வர்ற அன்னிக்கு அப்பா வெளிய போகணும். வீட்டுல உக்காந்து அம்மாகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கட்டும். நீ அவரை வேலையை விட்டு நிறுத்தாதே, நிறுத்தினா கேள்வி கேப்பாரு, நீ பதில் சொல்லுவே, ரெண்டு பேருமே அசிங்கப்படுவீங்க. நானே வந்து சொல்லிக்கறேன். எனக்குப் புது ஜாக்கெட் தைக்காதே, பையில பேரும் வேண்டாம். அவர் கழட்டறதை நான் போட்டுக்கறேன். தோள் அவருக்கும் எனக்கும் ஒரே அளவு.

பங்கு பத்தி இனி நான் பேச மாட்டேன். நீயும் பேசாதே. 'இப்போதைக்கு'ன்னு மட்டும் இன்னொரு தடவை என்கிட்ட சொல்லிடாதே, கையில என்ன இருக்கோ அதால அடிச்சிடுவேன்.

ஒண்ணு மட்டும் நான் வர்றதுக்கு முன்னாடியே செய். அப்பா அழுத்தின மாவைப் பசங்க மறுபடி வட்டமாக்கறாங்கன்னு எழுதியிருந்தே. அதை நிறுத்தச் சொல்லு. இன்னிக்கே சொல்லு. அவர் அழுத்தினது அழுத்தினபடி லாரியில ஏறட்டும், அடுப்புல வேகட்டும், எவன் வீட்டுக்குப் போகணுமோ போகட்டும். என்னடா இது கோணலா இருக்குன்னு எவனாவது போன் பண்ணிக் கேட்டா, கடைப் பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்கன்னு சொல்லு.

போகணும்டா. தபால் லாரி கிளம்புது, டிரைவர் ஹார்ன் அடிக்கறான்.

லெஸ்